கொருக்குப்பேட்டையில் என்ன இருக்கிறது?

வணக்கம் சார்,

வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். மகளுக்கு 9 வயது. பள்ளி விட்டால் போன், போனை வாங்கிவைத்தால் டிவி. இஎம்ஐயில் ஒரு டிஎஸ்எல்ஆர் எடுத்து, இருவருமாக இயற்கைப் புகைப்படம் கற்கலாமா என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் கூட்ஸ் வண்டியும் கால்வாயும்தானே இருக்கின்றன? மாதம் ஒருமுறை வேடந்தாங்கல் போனால் போதுமா?

க., கொருக்குப்பேட்டை

அன்புள்ள க.,

கேமராவை இப்போது வாங்காதீர்கள். வேடந்தாங்கலுக்கு ஜனவரி வாக்கில் ஒரு தடவை போய்வாருங்கள், போதும்.

என் பையனுக்கு எட்டு வயதானபோது நானும் இப்படித்தான் கிளம்பினேன். கடன் வாங்கி ஒரு நீள லென்ஸ். விடியுமுன் எழுப்பிப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போய், பூநாரை பறந்துவிடும், பேசாதே, ஆடாதே என்று படகில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தேன். எனக்குப் படங்கள் நன்றாகவே வந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுப்பினால், "ஃபோட்டோவுக்கா? நான் வரலை" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவனைத் திரும்ப வெளியே இழுத்தது ஒரு நண்டு. எண்ணூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். கழிமுகத்துச் சேற்றில், அலையாத்திச் செடிகளின் அடியில், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த சின்ன நண்டுகள். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. "யாருக்குப்பா டாட்டா காட்டுது?" என்றான். எனக்குத் தெரியவில்லை, அதையே சொன்னேன். ஆண் நண்டுக்குத்தான் பெரிய கொடுக்கு, பெண்ணைக் கூப்பிடத்தான் அந்த ஆட்டம் என்று இரண்டு நாளில் அவனே எங்கோ படித்துவந்து எனக்குப் பாடம் எடுத்தான். அடுத்த வாரம் பழைய போனோடு சேற்றில் குப்புறப் படுத்து, நண்டின் கண் மட்டத்தில் வைத்து எடுத்தான். படகில் அத்தனை நேரம் உட்கார்ந்த எனக்கு அந்தக் கோணம் தோன்றியதில்லை. (அது ஒன்றும் நல்ல சேறு இல்லை. தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது.)

உங்கள் கால்வாய் ஓரத்தில் மடையான் என்கிற சின்னக் கொக்கு நிற்கும். நிற்கும்வரை மண் நிறம், பறந்தால் இறக்கை பளீரென்று வெள்ளை. அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். காசிமேட்டில் மீன் இறக்கும் நேரத்தில் மேலே பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக இருப்பது செம்பருந்து, நம் பெரியவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது அதைப் பார்த்துத்தான். வால் நுனி நடுவில் உள்வாங்கியிருந்தால் கரும்பருந்து. 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதிய மா. கிருஷ்ணன், யானையைப் படமெடுத்தவர்தான், சென்னைக் காக்கையையும் அணிலையும் விடவில்லை.

போனுக்கு இரண்டு விஷயம் போதும். லென்ஸைத் துடையுங்கள். வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது திரையில் அதைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். அப்புறம், கூடு கண்ணில் பட்டால் கிட்டே போக வேண்டாம். முட்டையைத் தூக்க, நீங்கள் எங்கே எட்டிப்பார்க்கிறீர்கள் என்று காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

படத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வந்தால் வெட்டாதீர்கள். அழகான மூலையை மட்டும் எடுத்துக் காட்டும் படங்கள் எனக்கு அலுத்துவிட்டன. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தை ஒட்டி எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறையோடு நின்றன. மகள் கேட்டால் அதையும் சொல்லுங்கள், ஒன்பது வயதுக்குப் புரியும்.

சரி, பொங்கல் கழித்து எழுதுங்கள். அதற்குள் அவளே கேமரா கேட்டால் செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம். பறக்கும் பருந்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 வினாடியாவது வேண்டும் என்பதை அப்போது பேசிக்கொள்வோம். கலங்கிய படங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.