அந்த இன்னொரு போன் யார் கையில் இருக்கும்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பம் சொந்த ஊர். வயது 36. அமெரிக்காவில் யூட்டா மாநிலம் சால்ட் லேக் சிட்டியில் இரண்டு வருடமாக வேலை. மனைவியும் ஐந்து வயது மகளும் ஊரில் அம்மாவோடு இருக்கிறார்கள். பழைய ஜீப் ராங்லர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் நான்கு நாள் லீவில் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒயிட் ரிம் என்ற கரடுமுரடான மண் பாதையைத் தனியாக ஓட்டி, இரவில் அங்கேயே டென்ட் போட்டுத் தங்கப்போகிறேன். பெர்மிட் கிடைத்துவிட்டது. டயரில் காற்று எவ்வளவு குறைக்க வேண்டும்? தண்ணீர் எவ்வளவு? தனியாகப் போவது சரியா? போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசெஞ்சர் வாங்கிவிட்டேன். அவசரத் தொடர்பு எண் கேட்ட இடத்தில் என்னுடைய இன்னொரு போன் நம்பரையே போட்டுவிட்டேன், வீட்டில் யாரையும் பதறவைக்க வேண்டாமே என்று. மனைவியிடம் டென்வரில் டிரெயினிங் என்று சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம்.
— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன் அந்த போன் நம்பரைப் பேசியாக வேண்டும். போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கடிதத்திலேயே பெரிய ஆபத்து அதுதான்.

மெசெஞ்சரில் எஸ்ஓஎஸ் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். செய்தி செயற்கைக்கோள் வழியாக ஒரு உதவி மையத்துக்குப் போகும். அங்கே இருப்பவர் உங்களுக்குச் செய்தி அனுப்பிப் பார்ப்பார். கூடவே நீங்கள் கொடுத்திருக்கும் அவசரத் தொடர்பு எண்ணை அழைப்பார். தவறி அழுத்தியதா, நிஜமா? தனியாகப் போனாரா? என்ன வண்டி, என்ன நிறம்? சர்க்கரை, இதயக் கோளாறு ஏதாவது உண்டா? இன்றிரவு எங்கே தங்குவதாகத் திட்டம்? இதையெல்லாம் கேட்பதற்குத்தான் அந்த எண். அவர் கூப்பிடும்போது உங்கள் இன்னொரு போன் எங்கே இருக்கும்? ஜீப்பின் டேஷ்போர்டில், சிக்னல் இல்லாமல், உங்கள் பக்கத்திலேயே இருக்கும். அல்லது சால்ட் லேக் சிட்டியில் பூட்டிய வீட்டுக்குள் அடித்து அடித்து ஓயும்.

அதைவிட மோசமானது, நீங்கள் பட்டனை அழுத்தவே முடியாத நிலை. வழுக்கி விழுந்து மயங்கிக் கிடந்தால் கருவி தானாக உதவி கேட்கும் என்று நம்ப முடியாது. அப்போது தேடுதலைத் தொடங்கிவைப்பது "சொன்ன நேரத்துக்கு வரவில்லையே" என்று பதறும் ஒரு மனுஷிதான். அந்த மனுஷியின் நினைப்பைத்தான் டென்வருக்கு அனுப்பிவைத்திருக்கிறீர்கள். நான்காம் நாள் சந்தேகம் வந்து அவர் யாரையாவது கூப்பிட்டால், இன்னொரு மாநிலத்தில் இல்லாத டிரெயினிங்கைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பெர்மிட் இருக்கிறதே, பூங்காக் காவலரான ரேஞ்சருக்குத் தெரியுமே என்று நினைக்காதீர்கள். பெர்மிட் என்பது தங்கும் இடத்தைப் பிடித்துவைக்கும் சீட்டு. நீங்கள் வெளியே வந்துவிட்டீர்களா என்று கணக்குப் பார்க்க அதை நம்ப முடியாது.

இதே யூட்டாவில் 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்ற மலையேறி, எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் புளூஜான் கேன்யனுக்குள் இறங்கினார். உருண்ட பாறை வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்து, தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். அனுபவம் குறைந்தவர் அல்ல அவர். வீட்டார் காணவில்லை என்று அலைந்து, அவர் போயிருக்கக்கூடிய பகுதியைக் கண்டுபிடித்துத் தேடவைத்ததால்தான் ஹெலிகாப்டர் அங்கே பறந்தது.

"பதறவைக்க வேண்டாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. மனைவி பதறுவார் என்பது உங்கள் பயம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பதுதான் பயம். அந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல் இருக்க, அவருக்கு நல்லது செய்வதாக உங்களையே நம்பவைத்திருக்கிறீர்கள். உங்கள் அம்மாவையும் மகளையும் ஊரில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். உங்கள் உயிர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. உங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவர் வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் படகைத் தள்ளுவதில்லை. எந்தப் பக்கம், எத்தனை பாகம் ஆழத் தண்ணீர், எப்போது கரை என்பது வீட்டுக்குத் தெரியும். நேரம் தப்பினால் கரையில் நிற்கிறவர்கள் அடுத்த படகை இறக்குவார்கள். அந்த ஊர்க்காரர் நீங்கள்.

செய்ய வேண்டியது இது. அவசரத் தொடர்பில் இரண்டு பேரைப் போடுங்கள். முதல் ஆள் யூட்டாவிலேயே இருக்கும் ஒரு சக ஊழியர்: அதே நேரக் கணக்கில் விழித்திருப்பவர், அதிகாரிகளிடம் தடையில்லாமல் பேசக்கூடியவர். இரண்டாவது உங்கள் மனைவி. இரண்டு பேரிடமும் ஒரே காகிதம் இருக்க வேண்டும். அதில் வண்டி எண், நிறம், பெர்மிட் எண், எந்த இரவு எந்த முகாம், எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறீர்கள், ரத்த வகை, சாப்பிடும் மருந்து எல்லாம் இருக்கட்டும். பூங்கா அலுவலகம், கிராண்ட், சான் ஜுவான் என்ற இரண்டு கவுண்டிகளின் (மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் என்ற காவல் அலுவலகங்களின் எண்களை நாட்டுக் குறியீட்டோடு முழுதாக எழுதுங்கள். கடலூரிலிருந்து அமெரிக்க அவசர எண் 911 அடித்தால் யூட்டாவுக்குப் போகாது. பலருக்கு இது அந்த நேரத்தில்தான் தெரிகிறது.

பிறகு, எப்போது பதற வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆகஸ்டில் உங்கள் இரவு 8 மணி அவருக்கு மறுநாள் காலை ஏழரை. உங்கள் காலை 7 மணி அவருக்கு அதே நாள் மாலை ஆறரை. தினம் இந்த இரண்டு வேளையும் "முகாம் சேர்ந்தேன்", "கிளம்புகிறேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். பள்ளத்தாக்குச் சுவர் வானத்தை மறைத்தால் செய்தி போக நேரமாகும். கருவியைத் திறந்த வெளியில், வானம் பார்க்க வைக்க வேண்டும். ஒரு செய்தி வராவிட்டால் அடுத்த வேளை வரை பொறுக்கலாம். தொடர்ந்து இரண்டு வராவிட்டால் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு இருவரும் போனை எடுக்க வேண்டும். இந்தக் கணக்கு அவர் கையில் இருந்தால், ஒரு செய்தி தாமதமானதும் மனசு அடித்துக்கொள்ளாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதலில், ஆகஸ்ட் வேண்டாம். அங்கே ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை இடிமழைக் காலம். பகல் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கடலூர்க்காரருக்கு வெள்ளம் பற்றி விளக்கத் தேவையில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் மழை கொட்டியது கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம். சாத்தனூர் அணை நிரம்பித் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியே வந்து நம் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. பாலை நிலத்துப் பள்ளத்தாக்கிலும் இதேதான் நடக்கும். ஆனால் தண்டோரா இல்லை, மணிக்கணக்கில் அவகாசமும் இல்லை. அங்கே தரை பெரும்பாலும் வெறும் பாறை. ஊறுவதற்கு மண் இல்லாததால் பெய்தது அத்தனையும் ஓடைக்குள் பாயும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. ஆகவே தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். காய்ந்த ஓடையின் மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள், கால் நீட்டிப் படுக்காதீர்கள். ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தால் சிறிய காரை நகர்த்தும். இரண்டு அடி உங்கள் ஜீப்பையும் தூக்கும். வெள்ளம் வடிந்த பிறகும் களிமண் பாதை வழுக்கும், ஒரு நாள் காய விடுங்கள். வெளியேறும் பக்கத்தில் இருக்கும் மினரல் பாட்டம் கொண்டை ஊசி வளைவுகளே 2010 ஆகஸ்ட் மழையில் அரித்துப் போய், பாதை மூடிக்கிடந்தது. அக்டோபருக்குத் தள்ளுங்கள். பெர்மிட் பணம் போனால் போகட்டும்.

தண்ணீர்: ஒயிட் ரிம் பாதை நெடுகக் குடிநீர் கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர். நான்கு நாளுக்கு 16. வண்டி நின்றுபோனால் காத்திருக்கும் இரண்டு நாளுக்கு 8, ரேடியேட்டருக்கும் கழுவவும் 6. ஆக 30 லிட்டர். ஒரே கேனில் ஊற்றாதீர்கள், மூன்று நான்காகப் பிரியுங்கள். குலுக்கலில் ஒரு கேன் விரிசல் விட்டால் மற்றவை மிஞ்சும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றும், குமட்டும். நம் ஊரில் உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் அதற்குத்தானே. அங்கே ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துப்போங்கள். தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து.

டயர்: தார் ரோட்டில் 35 வைத்திருந்தால் கல் பாதையில் 22 முதல் 25 பிஎஸ்ஐ. ஆழமான மணலில் 18 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்று ஏற்றாமல் வேகம் எடுக்காதீர்கள், டயர் சூடேறி வெடிக்கும். காற்று அடிக்கும் கம்ப்ரஸரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் ஃபியூஸ் போகலாம். பேட்டரி முனையில் நேராகக் கவ்வும் வகை வாங்குங்கள். பஞ்சர் ஒட்டும் கிட் டயரின் தரை படும் பகுதிக்கு மட்டுமே உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் ஸ்டெப்னிதான் கதி. பழைய வண்டி என்கிறீர்கள், அந்த ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடிச் சதுரப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி மணலில் இறங்கும்.

அதோடு ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட் இரண்டிலும் புதிது ஒன்று. பேட்டரி கிளாம்பை தினமும் காலையில் கையால் அசைத்துப் பாருங்கள், அந்த உதறலில் அது தளரக்கூடும். நுழையும் பக்கத்து ஷேஃபர் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை), முதல் கியர். இன்ஜின் பிடித்து இறக்கட்டும். பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். வழியில் வரும் மர்ஃபி ஹாக்பேக், ஹார்ட்ஸ்கிராபிள் ஏற்றங்கள் இரண்டும் செங்குத்து. நடந்து போய்ப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

டென்ட் எதுவானாலும் சரி, பாறையில் முளை இறங்காது. மணல் நிரப்பிய பைகளில் கட்டுங்கள். பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம், கம்பளி தேவை. குளிர்கிறது என்று டென்ட்டுக்குள் அடுப்பு வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு மணமில்லாமல் கொல்லும்.

தனியாகப் போவது சரியா? சிக்கிய வண்டியை ஸ்ட்ராப் கட்டி இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். வண்டியையே இழுத்துக்கொள்ளும் கயிற்று மோட்டாரான வின்ச் இருந்தாலும், கட்ட மரம் கிடைப்பது அரிதான இடம் அது. தனி ஆளுக்கு மண்வெட்டியும், டயருக்கு அடியில் கொடுக்கும் ரெகவரி போர்டு இரண்டும்தான் துணை. அங்கிருந்து டோ செய்து வெளியே எடுக்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். அதனால் முதல் பயணத்துக்கு இன்னொரு வண்டியோடு போங்கள் என்பதுதான் என் பதில். இரண்டாவது பயணம் தனியாக இருக்கட்டும், அதுவும் வீட்டுக்குத் தெரிந்து. தனிமை வேண்டும் என்று தோன்றுவதில் தப்பில்லை. குடும்பத்தை விட்டு இரண்டு வருடம் இருப்பவருக்கு மனசு பாறையையும் வானத்தையும் தேடும். அதை மனைவியிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறீர்களா?

இன்று இரவு உங்கள் எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள். டென்வர் பொய் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், மற்றது பிறகு. திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால், ஏன் என்று முழுதாகக் கேளுங்கள், அவர் சொல்லும் காரணத்தில் இரண்டு நீங்கள் யோசிக்காததாக இருக்கும். அவர் ஒத்துக்கொண்ட பிறகு அந்த இன்னொரு நம்பரை அழித்துவிட்டு அவர் நம்பரை ஏற்றி, வீட்டு வாசலில் நின்றே ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள். இந்திய எண்ணுக்கு வந்து சேராவிட்டால் அவருடைய மின்னஞ்சலையும் சேருங்கள். மஞ்சக்குப்பத்தில் அவர் கைக்கு அது எத்தனை நிமிடத்தில் வந்தது என்று அவரையே அந்தக் காகிதத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.