மின்சார ஸ்கூட்டர் மோட்டாரில் இருக்கும் காந்தம் நாளாக ஆக வலு இழக்குமா?

மூன்று வருஷம் ஓட்டிய வண்டி இப்போது மேம்பாலம் ஏறத் திணறுகிறது, காந்தம் வீக் ஆகிவிட்டது என்று மெக்கானிக் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயசாவதால் மட்டும் காந்தம் வீக் ஆகாது. இந்த மோட்டார்களில் இருக்கும் நியோடிமியம் வகைக் காந்தம் ஒன்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினால், உங்கள் பேரன் எடுத்துப் பார்க்கும்போதும் கிட்டத்தட்ட அதே வலுவோடுதான் இருக்கும். ஆனால் சூடும் கரண்டும் சேர்ந்து அடித்தால் ஒரே காலையில் போய்விடும். நானே அப்படி ஒரு மோட்டாரைக் கெடுத்திருக்கிறேன்.

பெங்களூரு பீன்யாவில் சின்ன மோட்டார்கள் டிசைன் செய்யும் வேலை எனக்கு. அந்த மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே உட்காரும் ஹப் வகை. நடுவில் காயில் சுற்றிய, சுழலாத ஸ்டேட்டர், அதில் 51 பள்ளம். வெளியே சுற்றும் வளையத்தின் உட்புறம் 46 காந்தங்கள் ஒட்டியிருக்கும். 48 பள்ளம் 48 காந்தம் என்று லட்சணமாக வைக்கக் கூடாதா என்று புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் கேட்பார்கள். வைத்தால் எல்லாக் காந்தமும் ஒரே நேரத்தில் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் இரும்புப் பல்லைக் கவ்விக்கொள்ளும். சக்கரத்தைக் கையால் திருப்பினாலே கடக் கடக்கென்று சிக்கும். அதுபோக, அதை மூன்று ஃபேஸில் சுற்றவும் வழி கிடையாது. 51க்கும் 46க்கும் 1ஐத் தவிரப் பொதுவான வகுத்தி கிடையாது. ஒரு காந்தம் கவ்வும் நேரத்தில் இன்னொன்று விடும், சக்கரம் வெண்ணெயாகச் சுற்றும்.

சரி, கதைக்கு வருகிறேன். செலவைக் குறைக்க 3 மில்லிமீட்டர் தடிமன் காந்தத்தை 2.2 ஆக்கினேன். கிரேடிலும் கை வைத்தேன், 80 டிகிரிக்கு மேல் உத்தரவாதம் இல்லாத சாதா ரகம். ஆபீசில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரை ஏற்றி நந்தி மலைக்கு அனுப்பினோம். வண்டி நின்று நின்று ஏறி இறங்கி வந்தது. மறுநாள் சமதளத்தில் ஓட்டினால் டாப் ஸ்பீடு 45லிருந்து 47 ஆகியிருக்கிறது! 'ரன்னிங் இன் ஆகிவிட்டது, பேரிங் இளகிவிட்டது' என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி டீ குடித்தோம்.

எங்கள் வைண்டிங் அண்ணன் மட்டும் குடிக்கவில்லை. ஆம்பூர்க்காரர், பாதி ஆயுசை பம்ப் மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்தே கழித்தவர். "மலை ஏறி இறங்குன மோட்டாரு எப்படி தம்பி வேகமாவும்? கழட்டி லேத்துல மாட்டு" என்றார்.

மாட்டினோம். பேட்டரி எதுவும் இல்லாமல் லேத்தில் 300 ஆர்பிஎம் சுற்றவிட்டு, இரண்டு ஃபேஸ் ஒயருக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தோம். மலைக்கு அனுப்பும் முன் நோட்டில் எழுதியிருந்தது 15.6 வோல்ட். இப்போது காட்டியது 14.4.

சுற்றுகிற மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்கூட. வேகம் ஏற ஏற அது பேட்டரிக்கு எதிராக வோல்டேஜ் உண்டாக்கும். அது பேட்டரி வோல்டேஜை நெருங்கும் இடத்தில் வேகம் நின்றுவிடும். காந்தம் வலு குறைந்தால் எதிர் வோல்டேஜும் குறையும், அதே பேட்டரியில் சக்கரம் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும். கூடவே ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் டார்க்கும், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசையும் குறையும். எங்களுக்குப் போனது 8 சதவீதம்கூட இல்லை. ஆனால் அதே மேட்டை ஏற 8 சதவீதம் கூடுதல் கரண்ட் வேண்டும், சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால் 17 சதவீதம் கூடுதல் சூடு. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் காந்தம் போகும்.

சமதளத்தில் ஒன்றும் ஆகாதது மேட்டில் ஏன் ஆகிறது? வண்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். சமதளத்தில் 45 கிலோமீட்டர் வேகத்தில் போக சுமார் 1,100 வாட் தேவை. பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும் அதே 1,100 வாட்தான். ஆனால் முதல் கணக்கில் சக்கரத்துக்கு வேண்டிய டார்க் சுமார் 19 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 60. மூன்று மடங்கு டார்க் என்றால் மூன்று மடங்கு கரண்ட், காயிலில் ஒன்பது பத்து மடங்கு சூடு. செம்பு 100 டிகிரி சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் வேறு 39 சதவீதம் கூடிவிடும். ஊர்ந்து போகும்போது காற்றும் அடிக்காது. ஷோரூமில் 'எத்தனை வாட்?' என்று மட்டும் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த மலைதான் ஞாபகம் வரும்.

காந்தத்தின் பக்கம் இரண்டு வகை இழப்பு. சூடேறினால் தற்காலிகமாக வலு குறையும், 100 டிகிரி ஏறினால் சுமார் 12 சதவீதம். ஆறினால் திரும்பிவிடும், பயமில்லை. ஆனால் வலுவைப் பறிக்க வரும் எதிர்க் காந்தப்புலத்தை எதிர்த்து நிற்கும் திறன் அதைவிட வேகமாகக் குறையும், அதே 100 டிகிரியில் பாதிக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தில் காயிலில் பாயும் பெரிய கரண்டின் எதிர்ப்புலம் காந்தத்தின் ஓரத்தைத் தாக்கினால், இழந்தது ஆறினாலும் வராது. காந்தம் மெல்லியதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டரை வைத்துப் பார்த்தபோது 46 காந்தங்களிலும் ஒரே பக்க ஓரம்தான் செத்திருந்தது.

மறுபடி 3 மில்லிமீட்டருக்கே போனோம், 150 டிகிரி தாங்கும் கிரேடு வாங்கினோம். அந்தத் தாங்கும் சக்திக்கு டிஸ்புரோசியம் மாதிரி கன அரிய மண் தனிமங்கள் சேர்ப்பார்கள். 2025 ஏப்ரலில் சீனா அவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது இங்கே எல்லோரும் தலையில் கை வைத்தது அதனால்தான். அரிய மண் தேவைப்படாத ஃபெரைட் காந்தத்துக்குப் போகலாம், ஆனால் வலு மூன்றில் ஒரு பங்கு, மோட்டார் பெருத்துவிடும்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் மேட்டில் திணறுவதற்கு பேட்டரி தளர்ந்ததும் காரணமாகலாம், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சூடாகி அதைக் குறைத்ததும் காரணமாகலாம். ஹப் மோட்டாராக இருந்து, வேகத்தை சாஃப்ட்வேர் பூட்டாமல் இருந்தால், ஃபுல் சார்ஜில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். வாங்கிய புதிதில் காட்டியதைவிட வேகம் குறைவாக இருந்தால் பேட்டரிப் பக்கம் தேடுங்கள். கூடுதலாக இருந்தால் அவர் சொன்னதுதான். லேத் இருக்கும் ஒரு ரீவைண்டிங் கடையைப் பிடித்து வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை, கூடுதல் பிக்கப்புக்காகக் கன்ட்ரோலரில் கரண்டை ஏற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.