பன்றி கிளறிய மண்ணில் எறிகணை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மெட்ஸ் வாசகர்): பிரான்ஸின் வெர்டன் பக்கம் ஒரு குழுவோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறேன். போன மாதம் நான் நின்ற இடத்துக்கு அருகே, பன்றி கிளறிய குழியில் துருப்பிடித்த எறிகணை ஒன்று தெரிந்தது. "நூறு வருஷம் ஆயிற்று, இனி எங்கே வெடிக்கப் போகிறது" என்று கூட வந்தவர்கள் அதைத் தூக்கி மரத்தடியில் சாய்த்து வைத்தார்கள். அது சரியா?

பதில்: சரியில்லை. அது இன்னும் அங்கேயே இருந்தால் இன்றைக்கே ஊர் மேயர் அலுவலகத்துக்கோ, ஊர்ப்புறக் காவல் படையான ஜாந்தார்மரிக்கோ சொல்லிவிடுங்கள். எடுத்து நகர்த்தியதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; அகற்ற வருபவர்களுக்கு அது அவசியமான தகவல்.

முதல் உலகப் போரின் வெர்டன் போர் 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை நடந்தது. அப்போது விழுந்த எறிகணைகளில் எத்தனையோ சேற்றில் புதைந்து வெடிக்காமல் கிடக்கின்றன. மருந்து கெட்டுவிட்டதால் வெடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். பீரங்கியை விட்டுக் கிளம்பும்போதே, வெடிப்பைத் தூண்டும் பாகமான ஃப்யூஸின் பாதுகாப்பு விலகிவிடும். மெத்தென்ற மண்ணில் விழுந்ததால் ஊசி அடிக்காமல் நின்றிருக்கலாம். அந்த அடி இன்னும் பாக்கி இருக்கிறது. உள்ளே பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்து இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அது உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் உப்புகள் லேசான உராய்வுக்கே வெடிக்கக்கூடியவை.

அடிப்பக்கச் செப்பு வளையத்தில் சாய்வான கோடுகள் பதிந்திருந்தால் அது சுடப்பட்டது. கோடு இல்லையென்றால் சுடப்படாதது. அதற்காக அது பத்திரமானது என்று எண்ணிவிட வேண்டாம். இதைப் பார்க்கவென்று கிட்டே போகவும் கூடாது.

அடுத்த முறை செய்ய வேண்டியது இது. நின்ற இடத்திலிருந்தே போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். வந்த தடத்திலேயே திரும்பி, சில மீட்டர் தள்ளி, கண் உயரத்துக் கிளையில் ஆரஞ்சு நாடா ஒன்றைக் கட்டுங்கள். அடையாளத்துக்குத் தரையில் குச்சி அடிக்காதீர்கள். பக்கத்திலேயே இன்னொன்று புதைந்திருக்கலாம். போனில் இடக்குறியீட்டைக் குறித்துக்கொண்டு, நன்றாக விலகிய பிறகு போலீஸ் எண் 17 அல்லது அவசர எண் 112-ஐ அழையுங்கள். வேட்டைத் தலைவரிடம் சொல்லி அந்தப் பக்கத்து வளைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அகற்றுவது அரசின் வெடிபொருள் பிரிவின் வேலை. அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி (அதே வாசகர்): நச்சு வாயு எறிகணையை மணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே?

பதில்: வேட்டைப் பருவத்தில் இந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கும். அந்த நச்சுகளில் ஒன்றான மஸ்டர்ட் வாயுவுக்கு வாயு என்று பெயர்தானே தவிர, அது எண்ணெய் போன்ற திரவம். சுமார் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். டிசம்பர் குளிரில் அது ஏறக்குறைய மணக்காது. அதே எறிகணையைக் கார் டிக்கியில் போட்டு ஹீட்டரைப் போட்டால் இளகி ஆவியாகும். நச்சு வகையைக் காட்ட ஜெர்மானியர்கள் பூசிய மஞ்சள், பச்சை, நீலச் சிலுவைக் குறிகளும் துருவோடு போய்விட்டன. வெளியே பார்த்துப் பிரித்தறிய வழியில்லை.

தோலில் பட்டால் உடனே வலிக்காது. சிவப்பும் கொப்புளமும் வர 2 முதல் 24 மணி நேரம் ஆகலாம். சந்தேகம் வந்தாலே உடுப்பைக் கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கண்ணையும் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். அவசர சிகிச்சைக்குப் போனால் "பழைய எறிகணையைத் தொட்டேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றாது. நாய் கிளறியிருந்தால் அதன் பாதங்களையும் மூக்கையும் கையுறை போட்டுக் கழுவுங்கள். எறிகணைப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள்.

கேள்வி (லில் வாசகர்): நெவ் ஷப்பேல் பக்கம் விவசாயி அனுமதியோடு கௌதாரி சுடப் போகிறோம். உழுத நிலத்தில் கோலிக்குண்டு போல ஈயக் குண்டுகளும் ஒரு பித்தளைப் பொத்தானும் கிடைத்தன. வைத்துக்கொள்ளலாமா? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: ஈயக் குண்டுகள், உள்ளே சிறு குண்டுகளை நிரப்பிய ஷ்ராப்னல் எறிகணையிலிருந்து சிதறியவை. பிரிட்டிஷாரின் 18 பவுண்டர் பீரங்கியின் அத்தகைய எறிகணை ஒன்றுக்குள் ஏறத்தாழ 375 குண்டுகள் இருந்தன. அவை தம்மளவில் வெடிக்காது. ஆனால் குண்டுகள் கிடக்கும் இடத்தில் டம்ளர் போன்ற வெற்றுக் கூடு தெரிந்தால் தொடாதீர்கள்; அடியில் கருமருந்து மிச்சமிருக்கலாம். துப்பாக்கித் தோட்டாக்களையும் எடுக்காதீர்கள். ஊருக்குப் போகும் பெட்டியில் ஒன்று தங்கிவிட்டால் விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கு வரைக்கும் போகும்.

நிலத்தில் கிடைப்பதற்கு நிலக்காரரும் உரிமையாளர். முதலில் அவரிடம் காட்டுங்கள். வரலாற்று மதிப்புள்ளதாகத் தோன்றினால் மேயருக்கும் அறிவிக்க வேண்டும். மெட்டல் டிடெக்டரோடு பழம்பொருள் தேடுவதற்கு பிராந்திய அரசு நிர்வாகியான ப்ரிஃபேயின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் தேடுவது குற்றம்.

பொத்தானைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே பச்சைப் படலத்தோடு எழுத்தும் முலாமும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய தூரிகையும் போதும். பிறகு உலர்த்தி, சிலிகா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈயத்தை மட்டும் ஓக் மரப் பெட்டியிலும் அட்டைப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. அவற்றிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

அந்தப் பொத்தான் கிடைத்த இடத்தை மீட்டர் கணக்கில் குறித்து வையுங்கள். 1915 மார்ச் 10 முதல் 13 வரை அங்கே இந்தியப் படைப்பிரிவுகள் போரிட்டன. அந்தப் போரின் மேற்கு முனை முழுவதிலும் இறந்து, கல்லறை எது என்றே தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன.

கேள்வி (அதே வாசகர்): எலும்பு தென்பட்டால்?

பதில்: தோண்டாமல் ஜாந்தார்மரிக்குச் சொல்லுங்கள். பிரிட்டிஷ், இந்திய வீரர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கும், ஜெர்மானியர் என்றால் அவர்களுடைய போர்க் கல்லறை அமைப்புக்கும் தகவல் போகும். பக்கத்தில் கிடக்கும் பொத்தான், பூட்ஸ், கரண்டி எதையும் நகர்த்தாதீர்கள். 1916-க்குப் பிறகு பிரிட்டிஷ் படை கொடுத்த அடையாள வில்லைகள் நார்ப்பொருளால் ஆனவை. மண்ணில் பெரும்பாலும் மக்கிப்போயிருக்கும். அதனால் பட்டாளச் சின்னம் பதித்த ஒரு பொத்தானோ, கரண்டியில் கீறிய ஓர் எண்ணோதான் பல நேரம் அந்த மனிதருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறது.