கருவாடு காயப்போடவா எஞ்சினியரிங் படிக்க விட்டனாங்கள்?

போன சனிக்கிழமை திருக்கடலூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். மகள் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், மெக்கானிக்கல், மூன்றாம் வருடம், லீவுக்கு வந்து நிற்கிறாள். அம்மாவின் கையில் போன், போனில் இலண்டன் பெரியப்பாவின் வொய்ஸ் மெசேஜ், நான்கு நிமிடம். குரூப் டிசைன் புரொஜெக்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்பதுதான் இரண்டு கிழமையாக வீட்டில் நடக்கிற சண்டை. குரூப்பில் ஐந்து பேர். இரண்டு பேருக்கு ட்ரோன் செய்ய ஆசை, கடலுக்கு மேலே பறந்து படம் எடுத்து ஏஐ மூலம் மீன் கூட்டத்தைக் காட்டுகிற ட்ரோன். பெரியப்பாவும் அதுதான் வேண்டும் என்கிறார். பிள்ளை மட்டும், வெயில் சூட்டைப் பிடித்து மீன் உலர்த்துகிற பெட்டி செய்யலாமே என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பெரியப்பா சொன்ன பதிலைத்தான் மேலே தலைப்பாகப் போட்டிருக்கிறேன்.

நானும் முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன், எந்தத் தலைப்பு எடுத்தாலும் பிள்ளை சமாளிப்பாள், யோசிக்காதீர்கள் என்று. அப்புறம் அந்த அம்மா கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டே, "ட்ரோனுக்கு ஆளுக்கு நாப்பதாயிரம் போடோணுமாம் சேர், இத அடகு வைச்சா சமாளிக்கலாம்" என்றார். அதற்குமேல் என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சொன்னதையே இங்கே அந்த அம்மாவுக்கு எழுதுகிறேன், இதே சிக்கலில் இருக்கிற மற்ற வீடுகளும் படிக்கட்டும்.

அம்மா, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். ஒரு குரூப் புரொஜெக்டுக்காக வீட்டு நகை அடகுக்குப் போகக்கூடாது, இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ட்ரோன் கேட்கிற பொடியன்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். மோட்டர், பேட்டரி, கன்ட்ரோலர், கமரா எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஒன்று பழுதானால் அடுத்தது வந்து சேரும்வரை ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, அதிலும் நம்முடைய திருகோணமலை, துறைமுகத்தில் கடற்படைத்தளமும் சீனக்குடாவில் விமானப்படைத்தளமும் இருக்கிற ஊர், நினைத்த நேரம் நினைத்த இடத்தில் ட்ரோனைத் தூக்கமுடியாது. சரி, இதையெல்லாம் தாண்டிவிட்டார்கள் என்றே வையுங்கள். வாங்கிய மோட்டரை வாங்கிய கன்ட்ரோலரோடு பூட்டி, இறக்கிய மென்பொருளை ஏற்றிப் பறக்கவிட்ட பிறகு ஒரு லெக்சரர், "இதில் நீங்கள் தீர்மானித்தது எது, ஏன் அப்படித் தீர்மானித்தீர்கள்?" என்று கேட்டால் பிள்ளை எதைச் சொல்லுவாள்? டிசைன் புரொஜெக்டில் புள்ளி கிடைப்பது அந்தப் பதிலுக்குத்தான். காசு கொடுத்தால் புரொஜெக்டையும் றிப்போட்டையும் செய்தே தருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதாகவும் சொன்னீர்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம், பிடிபட்டால் போவது பிள்ளையின் பட்டம்.

பெரியப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும்போது "மீன் உலர்த்தும் பெட்டி" என்று இருந்தால் மதிப்பார்களா என்கிறார். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில், அதாவது பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற ஒப்பந்தத்தில், முழு உறுப்பினராகச் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையில் இருக்கிற நாடுகள் பார்ப்பது பட்டப்படிப்பு முறைப்படி அங்கீகாரம் பெற்றதா என்பதை, புரொஜெக்டின் தலைப்பு மினுங்குகிறதா என்பதை அல்ல. அதே உடன்படிக்கை ஒரு பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கிற தன்மைகளில் வடிவமைப்பு, குழுவாக வேலைசெய்வது, திட்டத்தையும் காசையும் நிர்வகிப்பது, சமூகத்தையும் சூழலையும் கணக்கில் எடுப்பது எல்லாம் இருக்கின்றன. பிள்ளையின் பெட்டியில் இந்த நான்குமே இருக்கின்றன.

இனி அந்தப் பெட்டி. கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறிக்கொண்டு வந்திருந்தாள், நான் அதை அரைமணி நேரம் பார்த்தேன். சரிவாக வைத்த ஒரு தட்டைப் பெட்டி, உள்ளே மினுங்காத கறுப்பு அடித்த தகரம், மேலே கண்ணாடி, அடியில் சூடு இறங்காமல் ரெஜிபோம். கீழே நுழைகிற காற்று தகரத்தில் சூடாகி மேலே ஏறி, மீன் தட்டுகள் அடுக்கிய அறைக்குள் போய், ஈரத்தை எடுத்துக்கொண்டு புகைபோக்கி வழியே வெளியேறும். காற்று போதாவிட்டால் சின்ன சோலார் பலகையோடு ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி. இவ்வளவுதான் பொருள். ஆனால் இதற்குள் இருக்கிற கணக்கைப் பாருங்கள், அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து போட்டது.

வெட்டிப் பிளந்து உப்புப் போட்ட 10 கிலோ கட்டா மீன் என்று வைப்போம். அதில் 70 சதவீதம் தண்ணீர் என்றால் காய்ந்த பொருள் 3 கிலோ. கருவாட்டில் 25 சதவீதம் தண்ணீர் மிஞ்சலாம் என்று எடுத்தால் கடைசி நிறை 4 கிலோ. அப்படியானால் 6 கிலோ தண்ணீரை ஆவியாக்கவேண்டும். ஒரு கிலோவுக்குச் சுமார் 2.4 மெகாயூல் வெப்பம், மொத்தம் 14.4 மெகாயூல், அதாவது 4 கிலோவாட் மணி. பெட்டியின் வினைத்திறன், அதாவது விழுகிற வெயிலில் ஈரத்தை எடுக்கப் பயன்படுகிற பங்கு, 25 சதவீதம் என்று அடக்கமாகவே எடுங்கள், வெயிலிலிருந்து 16 கிலோவாட் மணி வேண்டும். இரண்டு பகலில் காயவேண்டும் என்றால் நாளுக்கு 8. நம்முடைய பக்கம் நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 5 கிலோவாட் மணி விழும். ஆக, வெயில் பிடிக்கிற பரப்பு 1.6 சதுர மீற்றர் வேண்டும். அது ஒரு வீட்டுக் கதவின் அளவு! பிள்ளை எழுந்துபோய் என் அறைக் கதவை அளந்துபார்த்தாள், 2 மீற்றர் உயரம், 80 சென்ரிமீற்றர் அகலம். அந்த இடத்தில் அவள் முகத்தை நீங்களும் பார்த்தீர்கள்தானே அம்மா. ட்ரோன் பற்றிப் பேசியபோது அந்த முகம் வரவில்லை. பிள்ளையின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

கணக்கு மட்டும் காணாது. சூட்டைக் கூட்டினால் கெதியாகக் காயும் என்று 60 பாகை செல்சியசுக்கு மேலே விட்டால் மீன் அவியும், வெளித்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டு, பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும், நான்கு நாளில் நாறும். அதனால் 45 முதல் 50 பாகைக்குள் நிற்கவேண்டும், அதற்குக் காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வழி வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு வலை கறள் பிடித்து மீனில் ஒட்டும், ஆகவே தட்டுக்கு நைலோன் வலை. ஈயும் காகமும் பூனையும் உள்ளே போகக்கூடாது. மழை இருட்டினால் ஒரு பெண் தனியாகத் தூக்கிக் குடிசைக்குள் வைக்கிற பாரமாக ஒவ்வொரு தட்டும் இருக்கவேண்டும். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? அம்மம்மாவிடமிருந்து. முப்பது வருடமாகக் கரையில் படங்கு விரித்து மீன் காயவைக்கிற அந்த மனுசிதான் இந்தப் புரொஜெக்டின் முதல் ஆள், அவர் சொன்னதை எண்ணாக மாற்றி எழுதினால் அதுதான் குரூப் முதலில் கொடுக்கவேண்டிய தேவைப் பட்டியல். "நல்ல உலர்த்தி" என்று எழுதினால் ஒன்றையும் சோதிக்கமுடியாது. "10 கிலோ, இரண்டு பகல், 4 கிலோ, தட்டு ஒன்று 5 கிலோவுக்குள், மொத்தச் செலவு ரூ. 30,000 க்குள்" என்று எழுதினால் செய்தோமா இல்லையா என்று யாரும் பார்க்கலாம். அந்த 30,000 ஐந்து பேருக்கும் சேர்த்து. அதைத் தாண்டினால் வடிவமைப்பை மாற்றுங்கள், வீட்டில் காசு கேட்காதீர்கள். பழைய ஜன்னல் கண்ணாடி, பழைய கூரைத் தகரம் எல்லாம் திருமலையில் தேடினால் கிடைக்கும்.

நாட்களைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இரண்டு செமஸ்டர் இருக்கிறது என்கிறாள், கேட்க நிறையத்தான். ஆனால் இதைக் கிழக்கில் செய்கிறோம். ஐப்பசியில் வாடை தொடங்கும், கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும், ஒலுவிலிலும் அதே கதைதான். கொழும்பில் இருக்கிறவன் போடுகிற அட்டவணையை அப்படியே எடுத்தால் பெட்டி தயாராகிற நேரம் வெயில் இருக்காது. அதனால் இந்தப் புரட்டாசி முடிய முன்னமே அம்மம்மாவின் படங்கில் காய்கிற மீனை நிறுத்து எழுதிவிடவேண்டும், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை. மழைக் காலத்தில் வரைபடம், மூன்று விதமான வடிவங்களை ஒப்பிட்டு ஒன்றைத் தெரிவது, வெட்டுவது, ஒட்டுவது. மாசியில் பெட்டியை வெளியே வெயிலில் வைக்கவேண்டும். கடைசி இரண்டு கிழமையில் ஒரு வேலையும் போடாமல் வெறுமையாக விடுங்கள், அது நிச்சயம் நிரம்பும்.

ஐந்து பேர் வேலை பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு முறை வேறொரு கம்பஸ் பிள்ளைகள் செய்த உலர்த்தியைப் பார்க்கப் போயிருந்தேன். ஒருவர் செய்த சூடு பிடிக்கிற பெட்டியின் வாய் 10 சென்ரிமீற்றர், இன்னொருவர் செய்த அறையின் வாய் 15. சமர்ப்பிக்க ஐந்து நாள். இரண்டு பேருமே நன்றாகத்தான் செய்திருந்தார்கள், ஆனால் இரண்டும் சேருகிற இடம் யாருடைய பொறுப்பும் இல்லை. டேப் சுற்றி ஒட்டினார்கள், சூடு முழுக்க அந்த இடைவெளியால் போனது, ஒரு பிள்ளை அழுதுகொண்டே தட்டுக்களைக் கழற்றினாள். எனவே யார் எந்தத் துண்டைச் செய்வது என்று மட்டும் எழுதாமல், துண்டும் துண்டும் சேருகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயரும் ஓர் அளவும் முதல் மாதமே எழுதுங்கள். கிழமைக்கு ஒருதரம் அரைமணி நேரம் கூடி, என்ன தீர்மானித்தோம், யார், எந்தத் திகதிக்குள் என்று மூன்று வரி எழுதி எல்லோரும் பார்க்கட்டும். வேலை செய்யாமல் பெயர் மட்டும் போடுகிற ஆள் இருந்தால் அந்தத் தாளே பேசும், சண்டை பிடிக்கத் தேவையில்லை.

பெட்டி சரிவராவிட்டால் என்று கேட்டீர்கள். கணக்கில் 25 சதவீதம் என்று போட்டது அளந்துபார்த்தால் 12 தான் என்று வந்தால், எங்கே போனது மிச்சம் என்று வெப்பமானி வைத்துத் தேடி எழுதுகிற குரூப் தோற்ற குரூப் அல்ல. ஒரே மீனில் பாதியைப் பெட்டியிலும் பாதியைப் படங்கிலும் வைத்து, மணிக்கு ஒருதரம் நிறுத்து, சூட்டையும் ஈரப்பதனையும் பதிந்தால், அதைக் கொண்டு எந்தப் பேராசிரியர் முன்னாலும் நிற்கலாம்.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலர்த்துவது கருவாட்டோடு முடிகிற காரியம் இல்லை. மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவதும் காயவைப்பதும், பொலன்னறுவைப் பக்கத்து நெல் ஆலைகளில் அவித்த நெல்லைக் காயவைப்பதும், தேங்காய்த் துருவலைக் காயவைப்பதும் எல்லாம் இதே வெப்பம், இதே ஈரம், இதே காற்று. தொழிற்பயிற்சிக்கு நேர்முகம் போகிற இடத்தில் "6 கிலோ தண்ணீரை எடுக்க எனக்கு எவ்வளவு பரப்பு வேண்டியிருந்தது" என்று தன் கையால் போட்ட கணக்கைச் சொல்லுகிற பிள்ளையை நான் அனுப்ப விரும்புகிறேன்.

குரூப்பை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது அவளுடைய வேலை, நீங்களும் நானும் அதில் தலைபோடக்கூடாது. அந்தக் கொப்பித் தாளையும் அம்மம்மாவின் எண்களையும் கொண்டுபோய் வைக்கட்டும். ட்ரோன் பொடியன்களில் ஒருவருக்கு சென்சர் வேலை நன்றாக வரும் என்கிறாள், சூடும் ஈரமும் பதிகிற கருவியை அவர் செய்யலாமே. மற்ற நாலு பேரும் ட்ரோனுக்கே கை தூக்கினால், அவள் ரூ. 40,000 போடமுடியாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லவேண்டும், மேற்பார்வை லெக்சரரிடமும் சொல்லவேண்டும். இல்லாததை இல்லை என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

பெரியப்பாவுக்கு நான் பதில் எழுதவில்லை, அந்தக் கணக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவர் உதவ நினைத்தால் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கித் தரட்டும், அது உண்மையிலேயே தேவை.

நேற்று இரவு பிள்ளை முதல் எண்களை அனுப்பியிருந்தாள், கடையில் இரவல் வாங்கிய தராசில் நிறுத்தது. படங்கில் போட்ட 10 கிலோ, முதல் நாள் பின்னேரம் 7.9, இரண்டாம் நாள் 6.3, மூன்றாம் நாள் மத்தியானம் சின்னத் தூறல் விழுந்து அள்ளி உள்ளே வைத்ததால் பின்னேரம் 5.6. இன்னும் காயவில்லை. அடியில் ஒரு வரி எழுதியிருந்தாள், அம்மம்மா விரலால் அழுத்திப்பார்த்து நிறுக்காமலே "இன்னும் ஒண்டரைக் கிலோ போகோணும்" என்று சொன்னாராம்.