கலங்கிய ஏலுக்கு உடனே மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்

நண்பரே, கோனிஸ்டன் புளூபேர்ட் பிட்டர் என்ற இங்கிலாந்து ஏல் (ஏல் என்பது ஒரு வகை பியர்) பாட்டிலில் கலங்கலாக இருந்தது, ரொட்டி மாவு போல ருசித்தது, அதனால் ஐந்துக்கு இரண்டு கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பியர் கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். இந்த வகை ஏல்களில் ஈஸ்ட் உயிரோடு பாட்டிலுக்குள் இருந்து இரண்டாவது முறை நொதிக்கும். அடியில் படியும் வண்டல் அந்த ஈஸ்ட்தான். நீங்கள் பாட்டிலைப் படுக்க வைத்ததாகச் சொன்னீர்களே, அங்கேதான் சிக்கல்.

அடுத்த பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள். அப்புறம் கிளாஸைச் சாய்த்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் வண்டல் எழும்பிவிடும். கடைசி ஒரு விரலளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடிப்பதும் வேண்டாம். 11 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான் இதற்குச் சரி. அதிகக் குளிரில் ஹாப் (பியருக்கு மணமும் கசப்பும் தரும் பூ) மணம் மூக்குக்கே வராது, கசப்பு மட்டும் தனியாக நிற்கும். அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும்.

ஒன்று கவனியுங்கள்: பாட்டிலில் வருவது 4.2 சதவீத ஆல்கஹால், பப்பில் பீப்பாயிலிருந்து வருவது 3.6. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் அடக்காதீர்கள். 1998-இல் பிரிட்டனின் சாம்பியன் பியர் விருதை வாங்கியது பீப்பாய் வகை.

இன்னொரு பாட்டில் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், எனக்கு மிகவும் பிடித்த ஏல் இது.