மூன்றரை வயது மகள் அங்கன்வாடியில் தனியாகவே விளையாடுவது இயல்புதானா?

திருவையாற்றுக்கு அருகே அங்கன்வாடிக்குச் செல்லத் தொடங்கி இரண்டு மாதமான உங்கள் மகள், மற்ற பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்தும் அவர்களோடு சேராமல் தனியே மணல் வீடு கட்டுகிறாள் என்றும், வீட்டில் தாத்தாவிடம் ஓயாமல் கதை பேசுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டாவது செய்திதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

பிள்ளைகளின் விளையாட்டை 1932-இல் வகைப்படுத்திய அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்டன், அருகருகே இருந்தபடி தனித்தனியே விளையாடுவதை ஒரு நிலையாகவே குறித்தார். இரண்டு, மூன்று வயதில் மிகுதியாகக் காணப்படும் அந்நிலை, நான்கு வயதை ஒட்டி, முறை வைத்து ஆடும் கூட்டு விளையாட்டுக்கு மெல்ல இடம் விடுகிறதே தவிர, ஒரே நாளில் மறைவதில்லை. முன்பு திண்ணையிலும் களத்துமேட்டிலும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளோடு பழகியே வந்துவிட்ட இந்தப் பழக்கத்தை, பெரியவர்கள் மட்டுமே உள்ள வீட்டில் வளரும் உங்கள் மகள் இப்போதுதான் கற்கிறாள். மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தியை மட்டும் வரவழைத்து, சொப்புச் சாமான் கொடுத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாட விடுங்கள்.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, முகம் பார்க்காமை, விரும்பியதைச் சுட்டிக் காட்டாமை, பாவனை விளையாட்டே இல்லாமை, பேசிய சொற்களை இழத்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் என்றாலும், அதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் காட்டி, செவித்திறனையும் சோதித்துவிடுங்கள்.