பணமும் அந்தஸ்தும் போன மனிதனைப் பற்றிய படங்களில் உங்களை அதிகம் பாதித்தது எது?

'ரத்தக்கண்ணீர்'தான். 1954-இல் வந்த படம். நான் பார்த்தது எழுபதுகளில், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துத் திடலில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணியில். பால்மரம் சீவி ரப்பர்பால் எடுக்கிறவர்களின் குடும்பங்கள் தரையில் பாயும் சாக்கும் விரித்து உட்கார்ந்திருக்கும். முன்னால் நாலைந்து நாற்காலிகள், தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டாருக்கு. அவர் வந்து உட்காராமல் படம் ஓடாது.

கதை பலருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் பணக்கார மோகனசுந்தரம், மனைவி சந்திராவை ஒதுக்கிவிட்டுக் காந்தா என்ற தாசியே கதியென்று கிடக்கிறான். சொத்து கரைகிறது, தொழுநோய் பிடிக்கிறது, காந்தா விரட்டிவிடுகிறாள், கடைசியில் தெருவில் பிச்சை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு எம். ஆர். ராதா மாதிரி கரகரத்தோம். எங்களுக்கு அது அவ்வளவுதான்.

பிறகு பார்த்தபோதுதான் ராதா என்ன செய்திருக்கிறார் என்று புரிந்தது. வேறு நடிகராக இருந்தால் விழுந்தபின் குரலைத் தாழ்த்தி, குழைந்து, அழுது தீர்த்திருப்பார். ராதாவின் மோகனசுந்தரத்துக்குக் கையேந்தும்போதும் ஏளனம் குறையாது. பங்களாவில் பேசிய அதே பேச்சு. எல்லாம் போனபின்னும் அது மட்டும் போக மறுக்கிறது.

ஒரு குறை சொல்ல வேண்டும். தொழுநோயைப் பாவத்தின் தண்டனையாகக் காட்டியது எனக்கு ஒப்பவில்லை. அது கிருமியால் வருவது. எங்கள் நாட்டில் 1930-இலேயே சுங்கை பூலோவில் அந்த நோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பையே கட்டினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் யாரும் காந்தா வீட்டுக்குப் போய் வந்தவர்கள் அல்ல.

எங்கள் கிராணியும் ஒரு தப்பும் செய்யவில்லை. தோட்டம் கைமாறியது, மரங்களைச் சாய்த்து வீடு கட்டப் போனார்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்குள் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தார்கள். முப்பது வருடம் தோட்டத்து வீட்டிலேயே இருந்தவருக்குச் சொந்தமாக ஒரு கூரை இல்லை. பட்டணத்தில் கடைமாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்.

ஒருநாள் கோப்பிக்கடையில் பார்த்தேன். "டேய், ஒரு தே கொண்டா. சீனி குறைச்சுப் போடு." விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்ட அதே குரல். தே கலக்கிய பையன், அவர் அரைநாள் சம்பளம் போட்ட ஒருவரின் பேரன். நன்றாகவே சீனி போட்டுக் கொண்டுவந்து வைத்தான். வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "திடல்ல உங்களுக்கெல்லாம் படம் போட்டோமே, ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு அப்போது நாற்பது வயது, அரசாங்க வேலை. "இருக்குங்க ஐயா" என்று எழுந்து, என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.